பூந்திக்கொட்டையும் நம் வீட்டுத் தண்ணீரும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே, பூந்திக்கொட்டை போன்ற இயற்கைப் பொருள்களைக் கொண்டு துணி துவைக்கும் திரவத்தைத் தயாரிப்பது பற்றிப் பேசும்படி இந்நிகழ்ச்சியினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். செய்முறை மிக எளிது. ஆயினும், ஆர்வத்தோடு தொடங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே கடைத் தூளுக்குத் திரும்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எத்தகையது, துவைக்கப்போகும் துணி எத்தகையது என்ற இரண்டையும் பார்க்காமல், யாரோ சொன்ன ஒரே அளவை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து. ஆகவே தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். அந்நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்திருந்தால் அதைக் கடின நீர் என்கிறோம். பேச்சு வழக்கில் உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிடுகிறோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்திருக்கிறது. சாதாரண சோப்பு இத்தகைய நீரில் நுரைப்பதற்கு முன்பே கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத தயிர்த்திப்பி போன்ற கசடாகத் திரிந்துவிடும். பக்கெட்டின் விளிம்பில் ஒட்டும் சாம்பல் நிறப் படிவம் அதுதான். அதே படிவம் துணியின் இழைகளுக்கிடையிலும் தங்குவதால், துண்டு விறைத்து, வெள்ளைச் சட்டை நாளடைவில் மங்கிவிடுகிறது.

உங்கள் வீட்டு நீரைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒன்றில் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் பிடித்து வைத்த மழைநீரையும் பாதியளவு ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு சீவிய துணி சோப்பைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். மழைநீரில் நுரை பொங்கி நிற்க, குழாய் நீர் நுரையின்றிப் பால்போல் கலங்கினால் உங்களுடையது கடின நீர். அப்படியானால், சோப்புக் கட்டியைத் துருவி சோடாவோடு கலந்து வைத்துக்கொள்ளும் செய்முறை, இயற்கைச் சலவைத்தூள் என்ற பெயரில் இன்று எங்கும் பரவியிருந்தாலும், உங்களுக்கு ஏற்றதன்று.

பூந்திக்கொட்டைக்கு இந்தக் குறை இல்லை. அதன் சதைப்பற்றான தோலில் சபோனின் என்னும் பொருள் இருக்கிறது. சபோனின் மூலக்கூறின் ஒரு பகுதி நீரை நாடுவது, மறுபகுதி எண்ணெயை நாடுவது. இவ்விரண்டு இயல்பும் ஒருங்கே அமைந்திருப்பதால், துணியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி இழுத்து நீரில் மிதக்கவிடுகிறது. சோப்பைப்போல் கால்சியத்தோடு கூடித் திரிந்து படிவதும் இல்லை. பட்டு நூலும் கம்பளி நூலும் புரதத்தால் ஆனவை. அமிலத்துக்கு எதிரான காரம் பட்டால் அவை நலியும். பூந்திச் சாறு இலேசான அமிலத்தன்மை உடையது. நம் பாட்டிமார் காஞ்சிப் பட்டை இதில் மட்டுமே அலசினார்கள் என்றால் அதற்கு வலுவான வேதியியல் காரணம் இருக்கிறது. பொற்கொல்லர்கள் நகைகளின் அழுக்கைப் போக்குவதும் இதே கொட்டையைக் கொண்டுதான்.

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் பூந்திக்கொட்டையை வாங்கும்போது, விதை நீக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் கறுத்த, கடினமான விதையில் நமக்குப் பயனுள்ளது எதுவும் இல்லை, எடையைத்தான் கூட்டும். விதை நீக்கிய தோல் 100 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் அந்த நீரோடு சேர்த்தே சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நுரை பொங்கி வழியும் என்பதால் பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். ஆறியபின் கையால் நன்றாகப் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறச் சாறு கிடைக்கும். ஒரு பக்கெட் துணிக்கு அரை டம்ளர் சாற்றில் தொடங்கி, உங்கள் நீருக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். கடைத்தூள் அளவுக்கு நுரை வராதே என்று கவலைப்பட வேண்டாம். நுரையின் உயரம் அழுக்கு நீங்குவதற்கு அளவுகோல் அன்று.

இந்தச் சாறு வெளியில் வைத்தால் ஓரிரு நாளிலேயே புளித்து நாறத் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். மாதக்கணக்கில் கெடாது என்று சொல்லி விற்கப்படும் பூந்தித் திரவத்தில் பதப்படுத்தும் பொருள் ஏதேனும் சேர்ந்திருக்கும் என்று கொள்வதே சரி. அடிக்கடி காய்ச்ச நேரமில்லாதவர்கள் ஐந்தாறு தோல்களை ஒரு சிறு துணிப்பையில் முடிந்து, வெதுவெதுப்பான நீரில் துணிகளோடு போட்டுத் துவைக்கலாம். தோல் நைந்து, பிசைந்தாலும் நுரைக்காத நிலை வரும்வரை அதே பை மீண்டும் உதவும். மிக்சியில் பொடித்து வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு பொடியுங்கள். அந்தத் தூசி ஏறினால் தும்மல் நிற்காது, கண்ணும் எரியும்.

இனி, பூந்திச் சாற்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். நாள்தோறும் உடுத்தும் மெல்லிய துணிகளுக்கும் பட்டுக்கும் அது போதும். பள்ளிச் சீருடையின் கழுத்துப் பட்டையில் ஏறிய அழுக்கும், அடுக்களைக் கைப்பிடித் துணியின் எண்ணெயும் அதற்கு அடங்குவதில்லை. அங்கே காரம் வேண்டும். உவர்மண்ணில் துணியை நனைத்து, பெரிய பானையின்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் அவித்து எடுத்த வெள்ளாவி முறை இந்தக் காரத்தின் வலிமையில் நடந்ததுதான். உவர்மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட்டைத்தான் இன்று சலவை சோடா என்ற பெயரில் வாங்குகிறோம். எண்ணெய்ப் பிசுக்கின் ஒரு பகுதியை அது சோப்பாகவே மாற்றிவிடுகிறது. கூடவே கடின நீரின் கால்சியத்தைப் படியவைத்து நீரை மென்மையாக்குகிறது. சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட இந்த நுட்பத்தை வேதியியல் பாடத்தில் யாரும் சொல்லித்தராதது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

பருத்தித் துணி நிறைந்த ஒரு பக்கெட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து, அதில் துணியை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தபின் பூந்திச் சாற்றில் துவைத்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடா வேறு. அதன் காரம் மிகக் குறைவு. சலவை சோடாவைக் கையாளும்போது கையுறை அணியுங்கள். அலுமினியப் பாத்திரத்தை அது அரிக்கும் என்பதால் எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ பயன்படுத்துங்கள். பட்டையும் கம்பளியையும் அதன் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று கலந்து மூன்று மாதம் புளிக்கவைக்கும் பயோ என்சைம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தரை துடைக்கவும் குழாயில் படிந்த உப்புக்கறையை நீக்கவும் அது நல்லது. ஆனால் அது புளித்த அமிலநீர். அதைச் சலவை சோடாவோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். வினிகரையும் சோடாவையும் கலந்து, பொங்கும் நுரையைக் காட்டி வியக்கவைக்கும் காணொளிகளுக்கும் இதுவே பதில்: பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புநீர். சோடாவில் துவைத்து, நன்றாக அலசி, கடைசி அலசலில் மட்டும் ஒரு கரண்டி வினிகர் சேர்த்தால் துணி மென்மையாகும். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகரையோ எலுமிச்சையையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

கறைகளைப் பற்றிச் சிறிது. சாம்பாரின் மஞ்சள் கறை சோடா பட்டவுடன் சிவந்து பலரைத் திடுக்கிடச் செய்யும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவப்பாகும் இயல்புடையது, அவ்வளவே. அலசிவிட்டு நல்ல வெயிலில் உலர்த்துங்கள்; வெயில் அந்த நிறப்பொருளைச் சிதைத்துவிடும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர்தான். வெந்நீர் புரதத்தை இறுக்கிக் கறையை நிலைக்கச் செய்யும். வெள்ளைத் துணி கடைத்தூளில் துவைத்ததுபோல் பளிச்சிடவில்லையே என்றால், அந்தப் பளபளப்பு பெரும்பாலும் தூளில் சேர்க்கப்படும் ஒளிர்ப்பூட்டிகளால் வருவது. அவை புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிட்டுக் கண்ணுக்கு வெண்மையைக் கூட்டிக் காட்டுகின்றன. அது வேண்டுமென்பவர்கள் பழைய வழக்கப்படி சொட்டு நீலம் போட்டுக்கொள்ளலாம்.

துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்பதும் இதில் அடங்கியதே. 2019ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை குவிந்து, குழந்தைகள் அதில் விளையாடியதைச் செய்திகளில் கண்டிருப்பீர்கள். சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் கடலில் கலந்ததன் விளைவு அது. இயற்கைப் பொருள் என்பதாலேயே பூந்தியைத் தீங்கற்றதென்று கருதிவிடக் கூடாது. சபோனின் மீனின் செவுள்களைப் பாதிக்கும். சபோனின் மிகுந்த தாவரங்களை நசுக்கி நீரில் கலந்து மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. ஆகவே குளத்திலோ மீன் தொட்டியிலோ பூந்தி நீரை விடாதீர்கள். மண்ணில் அது எளிதில் சிதைந்துவிடும் என்பதால் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். சலவை சோடா கலந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் சோடியம் சேர்ந்து மண் இறுகிப்போகும். அதைத் தோட்டத்துக்குத் திருப்பாமல் கழிவுநீர்க் குழாயிலேயே விட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.