அகழாய்வுன்னு சொல்லி எடுத்த ராணுவ வரைபடம்: போரும் வெளிநாட்டுத் தொல்லியல் நிறுவனங்களும்

[திரையில்: கிரீட் தீவு, வில்லா அரியாட்னே]

1941 ஏப்ரல்ல ஏதென்ஸை விட்டு வந்த கிரேக்க மன்னர் தங்கின வீடு இது. கொஞ்ச நாள்ல ஜெர்மன் தளபதியோட குடியிருப்பாச்சு. 1944 ஏப்ரல் 26 ராத்திரி ஜெர்மன் ஜெனரல் க்ரைப்பெ கடத்தப்பட்டது, இந்த வீட்டுக்குத் திரும்புற வழியிலதான். 1945 மே மாசம் கிரீட்ல இருந்த ஜெர்மன் படை சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டதும் இங்கேயே. அப்போ வீடு யாருக்குச் சொந்தம் தெரியுமா? ஏதென்ஸ்ல இருக்கிற பிரிட்டிஷ் தொல்லியல் பள்ளிங்கிற ஆய்வு நிறுவனத்துக்கு!

பின்னணி சுருக்கமா: ஏதென்ஸ்ல பிரான்ஸ் 1846-ல தொல்லியல் பள்ளி தொடங்குச்சு. அப்புறம் ஜெர்மனி 1874, அமெரிக்கா 1881, பிரிட்டன் 1886. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: நெகேவ் பாலைவன வரைபடம்]

இந்தப் பகுதியைத் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. பாலஸ்தீன ஆய்வு நிதியம்னு ஒரு பிரிட்டிஷ் அமைப்பு 1870-கள்ல மேற்குப் பாலஸ்தீனத்தை ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்ங்கிற அளவுல 26 தாள்ல வரைஞ்சு முடிச்சது. அந்த வேலையில இருந்த இளம் அதிகாரிகள்ல ஒருத்தர் கிச்னர். வரைபடம் காசா, பீர்ஷெபா கோட்டோட நின்னுபோச்சு. அதுக்குத் தெற்கே செங்கடல் துறைமுகமான அகபா வரைக்கும் காலி. பிரிட்டன் கையில இருந்த சூயஸ் கால்வாயை நோக்கி, அப்போ பாலஸ்தீனத்தை ஆண்ட ஒட்டோமான் (துருக்கி) படை வந்தா அந்தக் காலி இடம் வழியாத்தான் வரணும்.

1914 ஜனவரி. இப்போ எகிப்துல பிரிட்டனோட பிரதிநிதி அதே கிச்னர். கேப்டன் நியூகோம்ப் தலைமையில அஞ்சு ராணுவ சர்வே குழுக்கள் இறங்குது. ஒட்டோமான் அரசுகிட்ட சொன்ன காரணம் தொல்லியல். அதுக்காகவே கார்கெமிஷ்ங்கிற பழங்கால நகரத்தோட அகழாய்வுல இருந்து லியோனார்ட் வூலி, டி. இ. லாரன்ஸ் ரெண்டு பேரையும் வரவழைச்சாங்க.

இதுல என்னை அசர வைக்கிறது, ரெண்டு வேலையும் ஒண்ணோட ஒண்ணு அவ்வளவு கச்சிதமாப் பொருந்தினதுதான். சர்வேக்காரருக்கு உயரமான மேடு வேணும்; தியோடலைட்ங்கிற கோணமானியை வெச்சு எதிர் உச்சிகளுக்குக் கோணம் எடுத்து முக்கோணம் முக்கோணமா வலை பின்னணும். பழைய கோட்டைகள் இருக்கிறதும் மேட்டுலதான். ஆய்வாளர் பைசாந்தியக் காலத்து ஊர்கள்ல மழைநீர்த் தொட்டிகளைக் குறிக்கிறார். ஒட்டகப் படையை நடத்துறவர் முதல்ல கேக்கிறது என்ன? தண்ணி எங்கே! பழைய வணிகப் பாதைன்னு குறிச்சாலும், அது படை நடக்கிற பாதைதான்.

வேஷம் நிக்கணும்னா ஆய்வு நிஜமா இருக்கணும். அவங்க அளந்த இடிபாடுகள், எழுதின அறிக்கை எல்லாமே உண்மையான தொல்லியல். அந்த அறிக்கையைச் சீக்கிரம் வெளியிடச் சொன்னவரும் கிச்னர்தான். சிக்கல் அகபாவுல வந்தது. அங்கிருந்த ஒட்டோமான் அதிகாரி வேலை செய்ய அனுமதிக்கல. மேலிடத்து அனுமதி கையில இருந்தாலும், உள்ளூர் அதிகாரி மறுத்தா வேலை நின்னுடும். லாரன்ஸ் அதையும் மீறி அந்தப் பகுதியைச் சுத்திப் பார்த்தார். 1917 ஜூலை 6-ல அகபா விழுந்தப்போ அரபுப் படையோட வந்தவரும் அவர்தான்.

இது பிரிட்டனோட மட்டும் நின்ன பழக்கம் இல்ல. 1941-ல ஏதென்ஸ்ல ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தோட தலைவர் வால்டர் விரேடேதான், கிரீஸ்ல நாஜிக் கட்சிக் கிளைக்கும் தலைவர்.

[திரையில்: ஃபிரான்ஸ் போவாஸ்]

அமெரிக்காவுல சில்வானஸ் மோர்லி, மாயா ஆய்வாளர். முதல் உலகப் போர்ல கடற்படை உளவுத்துறைக்கு அவர் ஏஜென்ட் எண் 53. மாயா இடிபாடு தேடுறதாச் சொல்லிக்கிட்டு மத்திய அமெரிக்கக் கரையோரத்துல ஜெர்மன் நீர்மூழ்கித் தளங்களைத் தேடினார்.

மானிடவியலாளர் போவாஸ் 1919 டிசம்பர் 20-ல 'தி நேஷன்' இதழ்ல ஒரு கடிதம் எழுதினார். நாலு பேர் ஆய்வாளர் போர்வையில உளவு பார்த்தாங்கன்னு சொன்னார். ஒருத்தர் பேரையும் சொல்லல. இனிமே நேர்மையா ஆய்வுக்குப் போற வெளிநாட்டுக்காரரையும் எந்த நாடும் சந்தேகத்தோடதான் பார்க்கும்ங்கிறது அவரோட வாதம். நான் முழுசா அவர் பக்கம். அனுமதிங்கிறது நம்பிக்கையில கொடுக்கிறது. ஒருத்தர் அதைக் கெடுத்தா, அடுத்து அங்க போறவர்தான் விலை கொடுக்கணும்.

அமெரிக்க மானிடவியல் சங்கம் என்ன செஞ்சது? 20-க்கு 10 வாக்குல போவாஸைக் கண்டிச்சது, உளவு பார்த்தவங்களை இல்ல. அந்தக் கண்டனத்தை 2005-லதான் சங்கம் திரும்ப வாங்குச்சு. நாட்டுக்காகச் செஞ்சதுன்னு சொன்னா மோர்லி பக்கம் நியாயம் இருக்குன்னு நினைக்கிறீங்களா? காரணத்தோட கமெண்ட்ல எழுதுங்க.