கடலுக்கும் வழி வாய்க்கால் இருக்கு

வணக்கம் நேயர்களே. கடல் சட்டத்தைப் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கினம். நான் சட்டத்தரணி இல்லை, 20 வருசத்துக்கு மேல கப்பல்ல வேலை செய்த ஆள், ஆனா இந்த விசயத்தில எனக்கு அப்பிடி ஒரு விருப்பம், கிடைச்சதெல்லாம் வாசிச்சு வாசிச்சு வந்தது. முதல்ல கடலுக்குப் போகேல்லை, உங்கட அலுமாரிக்குள்ள இருக்கிற காணி உறுதிக்குத்தான் போறன். ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. இத்தினை பரப்பு, கிழக்கால இன்னாற்றை காணி, தெற்கால ஒழுங்கை எண்டு எல்லையெல்லாம் எழுதி முடியிற இடத்தில கனக்க உறுதியள்ல கிணத்துப் பங்கு, வழி வாய்க்கால் எண்டு வரும். காணி பக்கத்து வீட்டாற்றைதான், ஆனா அதுக்குள்ளால நடந்து கிணத்தடிக்குப் போக எனக்கு உரித்து இருக்கு, அவர் கோவத்தில வேலியை அடைக்கேலாது. நானும், வழி இருக்குத்தானே எண்டு போட்டு அவற்றை வளவுக்குள்ள நிண்டு மாங்காய் புடுங்கேலாது. இதை மட்டும் மறந்திடாதேங்கோ, இண்டைக்கு இதைத்தான் நான் திருப்பித் திருப்பிச் சொல்லப்போறன்.

முந்திக் கனகாலமா ஒரு நாட்டுக்கு அதின்ரை கரையிலயிருந்து 3 கடல் மைல்தான் சொந்தம் எண்டு பெரிய நாடுகள் சொல்லிக்கொண்டு வந்தவை, ஒரு கடல் மைல் எண்டா 1.852 கிலோமீற்றர். பீரங்கிக் குண்டு எட்டுற தூரம் எண்டு அதுக்கு ஒரு கணக்கும் சொல்லுவினம். பிறகு எல்லாரும் எங்களுக்கு இன்னும் கூட வேணும் எண்டு கேக்கத் தொடங்கிச்சினம், 1958இல ஜெனீவாவில கூடியும் முடிவில்லை, 1960இல திரும்பக் கூடி ஒரேயொரு வோட்டால குழம்பிப் போச்சு, ஒரு வோட்டு! கடைசியா வந்தது 12 மைல். இப்ப யோசியுங்கோ, ரெண்டு கரைக்கும் இடையில 24 மைலுக்குக் குறைஞ்ச ஒரு நீரிணை, இந்தக் கரைக்கு 12 அந்தக் கரைக்கு 12 எண்டு பிரிச்சா நடுவில பொதுக்கடல் எண்டு ஒரு முழம் கூட மிஞ்சாது. அப்ப கப்பல் எதாலை போறது?

மலாக்கா நீரிணையால போய்ச் சிங்கப்பூர் நீரிணைக்குள்ள இறங்கேக்கை எனக்கு இரவு 12இலயிருந்து 4 மட்டும் வாட்ச், அதாவது கப்பலைப் பாத்து ஓட்டுற முறை. அங்க ஒரு இடம், பிலிப் கால்வாய் எண்டு சொல்லுறது, ஆக 2.8 கிலோமீற்றர் அகலம்தான். ஒரு பக்கம் இந்தோனேசியா, மற்றப் பக்கம் சிங்கப்பூர் வெளிச்சம், முன்னுக்கும் பின்னுக்கும் எண்ணெய்க் கப்பல், கொண்டெய்னர் கப்பல் எண்டு நிரையா நிரையாப் போகும், குறுக்கால சின்ன மீன்பிடி வள்ளங்கள் வேற. ஆரின்ரையோ கடலுக்குள்ளாலதான் போறம், ஆனா ஆரிட்டயும் பெர்மிட் கேக்கேல்லை. நிக்காமல், மீன் பிடிக்காமல், போட்ட பாதையில நேரா, கெதியாப் போகவேணும், அவ்வளவுதான். எனக்கு அண்டைக்கு எங்கட ஊர் ஒழுங்கைதான் ஞாபகம் வந்தது.

இந்த உரித்துக்கு ஒரு வழக்கு இருக்கு, அதைச் சொல்லாமல் விடமாட்டன். 1946 ஒக்ரோபரில ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல், கிரேக்கத்தின்ரை கோர்புத் தீவுக்கும் அல்பேனியாவுக்கும் இடையில கிடக்கிற கோர்பு நீரிணையில அல்பேனியாக் கரையோட போகேக்கை கண்ணிவெடியில மாட்டிச்சுது, கன மாலுமியள் செத்துப்போச்சினம். கண்ணிவெடி எண்டா என்ன எண்டு எங்கட சனத்துக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சர்வதேச நீதிமன்றம் 1949இல தீர்ப்புச் சொல்லேக்கை, சமாதான காலத்தில இப்பிடியான நீரிணையால அனுமதி கேளாமல் தீங்கு செய்யாமல் போகலாம், தன்ரை தண்ணிக்குள்ள வெடி கிடக்கிறது தெரிஞ்ச அல்பேனியா எச்சரிச்சிருக்க வேணும் எண்டது. சரி, பிரிட்டன் வெண்டிட்டுது எண்டு நினைப்பியள். இல்லை, மிச்சத்தையும் கேளுங்கோ. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிரிட்டன் தானாப் போய் அல்பேனியக் கடலுக்குள்ள கண்ணிவெடி அகற்றினதல்லோ, அது பிழை, அது அந்த நாட்டின்ரை இறைமையை மீறினது எண்டும் அதே நீதிமன்றம் அதே தீர்ப்பில சொல்லிச்சுது. வழியால போகலாம், வளவைக் கிண்டேலாது. நான் முதல்ல சொன்னதுதான்.

இதையெல்லாம் ஒரு சட்டமா எழுத 1973இல தொடங்கின ஐநா மாநாட்டுக்குத் தலைவர் ஆர் தெரியுமோ? எங்கட நாட்டாள், ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. 1976இல ஐநா பொதுச்சபைக்கும் அவர்தான் தலைவர். இங்க ஆட்சி மாறி அவர் இலங்கைக் குழுவில இல்லாமல் போனாப் பிறகும், 1978இல மற்ற நாடுகள் கூடி, இல்லை இவரே தலைவரா இருக்கட்டும் எண்டு முடிவெடுத்தவை, பாருங்கோ, சொந்த நாடு அனுப்பாத மனிசனை உலகம் கதிரையில வச்சிருந்தது! எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு இந்தப் பேர் தெரியாது எண்டதில எனக்குச் சரியான கவலை. அவர் 1980இல செத்துப்போனார், சிங்கப்பூரைச் சேர்ந்த டொமி கோ பொறுப்பெடுத்து, 1982 டிசம்பர் 10ஆம் திகதி ஜமேக்காவில கையெழுத்து வச்சவை. பெரிய கடற்படை வச்சிருந்த நாடுகள் 12 மைலுக்கு ஓம் எண்டதே நீரிணையால போற வழியை அடைக்கக்கூடாது எண்ட பேச்சிலதான். சாதாரண ஆட்புலக் கடலுக்குள்ள, அதாவது ஒரு நாட்டுக்குச் சொந்தமான அந்த 12 மைலுக்குள்ள, நீர்மூழ்கி மேல வந்து கொடி காட்டவேணும், அந்த நாடு பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கொஞ்சக் காலம் பாதையை நிப்பாட்டவும் இடமிருக்கு. நீரிணையில அப்பிடி நிப்பாட்டேலாது.

தீவு நாடுகளைப் பற்றிக் கனக்கச் சொல்ல நினைச்சு வந்தனான், கண்ணாடிக்கு அங்கால தம்பி கை காட்டுறார், கெதியாச் சொல்லுறன். இந்தோனேசியாவில 17,000த்துக்கு மேல தீவுகள், 1957இல அவை சொன்னவை, இந்தத் தீவுகளுக்கு நடுவில கிடக்கிற கடல் எங்களைப் பிரிக்கேல்லை, சேர்க்குது, ஆனபடியால் சுத்திக் கோடு போட்டு உள்ளுக்குள்ள முழுக்க எங்கட எண்டு. 1982 சட்டம் அதை ஒத்துக்கொண்டுது, ஆனா அங்கயும் கப்பலுக்குப் பாதை விடவேணும். நாங்களும் தீவுதானே எண்டு கேக்காதேங்கோ, கோட்டுக்குள்ள தண்ணி நிலத்தின்ரை அளவுக்காவது இருக்கவேணும், 9 மடங்குக்கு மேல போகவும் கூடாது. எங்களுக்கு ஒரு பெரிய நிலமும் பக்கத்தில நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு எண்டு கொஞ்சமும்தான், கணக்கு வராது.

பாக்கு நீரிணைக்கு ஒரு நிமிசம் கூட இல்லை. 1974இல இந்தியாவும் இலங்கையும் இதை வரலாற்று நீர்ப்பரப்பு, அதாவது பழங்காலந்தொட்டுத் தங்கட தண்ணி, எண்டு பேர் போட்டுக் கோடு கீறினவை, மலாக்காக் கணக்கு இங்க அப்பிடியே பொருந்தாது. அங்கத்தைக் கப்பலும் இங்கத்தைக் கப்பலும் பழைய வழமைப்படி ஒருத்தரின்ரை தண்ணிக்குள்ளால மற்றவர் போய் வரலாம் எண்டு அதில இருக்கு, மீன்பிடி வேற, ஒருத்தரின்ரை கடல்ல மற்றவர் பிடிக்கக்கூடாது எண்டு 1976இல பரிமாறின கடிதத்தில எழுதினவை. எங்கட மீன்பிடித் தொழிலாளியள், அங்கத்தைப் படகுகள் கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடியால வலை அறுந்து வெறுங்கையோட கரைக்கு வாறதைக் காணேக்கை எனக்கு அந்த வழி வாய்க்கால் உறுதிதான் கண்ணுக்க நிக்கும். 2017இல இங்க இழுவைமடிக்கே சட்டத்தால தடை போட்டவை. கச்சதீவைப் பற்றிக் குறிச்சுக்கொண்டு வந்த ரெண்டு பக்கம் அப்பிடியே கையில கிடக்கு, கூப்பிட்டா இன்னொரு நாள் வந்து சொல்லுறன். வணக்கம்.