90களின் சிறந்த ஆல்பம் ஓடாத படத்தில்தான் இருக்கிறது! ராஜா ரசிகர்களும் திட்டலாம், ரஹ்மான் ரசிகர்களும் திட்டலாம்

வணக்கம் நண்பர்களே. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தேசிய விருது ஜூரி உட்கார்ந்திருக்கிறது. 1992ஆம் வருடப் படங்களில் சிறந்த இசை எது? ஒரு பக்கம் இளையராஜாவின் 'தேவர் மகன்'. இன்னொரு பக்கம், ஏ.ஆர். ரஹ்மான் என்று பெயரே கேள்விப்படாத ஒரு பையனின் முதல் படம், 'ரோஜா'. ஓட்டு சமமாக விழுந்துவிட்டது. இனி தலைவரின் ஓட்டுதான் முடிவு. அந்தத் தலைவர் யார் தெரியுமா? பாலு மகேந்திரா! இளையராஜாவின் 100வது படமான 'மூடுபனி'யை எடுத்தவர். தன் படம் என்றால் ராஜாதான் என்று இருந்தவர். அவர் யாருக்குப் போட்டார்?

ரோஜாவுக்கு.

அந்த ஒரு ஓட்டில் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், ஆபீஸ் டீக்கடையில், நடு ராத்திரி பஸ்ஸில் என்று எங்கே வேண்டுமானாலும் "90களில் பெஸ்ட் ஆல்பம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் ஆல்பத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். நீ ராஜா கட்சியா, ரஹ்மான் கட்சியா என்பதுதான் ஓடும். இத்தனைக்கும் ரஹ்மான் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இரண்டும் ஒரே வீட்டுப் பங்காளிச் சண்டை.

அதனால் இன்று நான் ஒரு புது விதி கொண்டுவருகிறேன். 90களின் சிறந்த ஆல்பம் என்றால், அந்தப் படம் தியேட்டரில் பெரிதாக ஓடியிருக்கக் கூடாது.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. ஓடிய படத்தின் பாட்டைக் கேட்கும்போது நமக்குப் பாட்டு மட்டுமா கேட்கிறது? ரஜினி கையைத் தட்டுவது தெரிகிறது, தியேட்டர் விசில் கேட்கிறது, பக்கத்து சீட்டில் இருந்தவரின் வாசனைகூட நினைவுக்கு வருகிறது. பாட்டுக்குப் போட வேண்டிய மார்க்கில் படம் பாதியைத் தின்றுவிடும். படுத்துவிட்ட படத்தின் பாட்டுக்கு இந்த உதவி எதுவும் கிடையாது. அது தானாக நடந்து வந்து நம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

ஆக ரோஜா வெளியே, தேவர் மகன் வெளியே. தளபதி, காதலன், பம்பாய் எல்லாம் வெளியே. மன்னிக்கவும்.

கேசட் பார்க்காத தம்பி தங்கைகளுக்கு ஒரே வரி: அப்போது படம் வருவதற்கு முன்பே பாட்டு கேசட்டில் வந்துவிடும், ஐந்தாறு பாட்டு, பிடிக்காத பாட்டைத் தாண்ட ஃபார்வர்டு பட்டனை அழுத்திக் குத்துமதிப்பாக நிறுத்த வேண்டும். இந்த ஃபார்வர்டு பட்டனை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, முதல் போட்டியாளர். 1991 தீபாவளி. ஒரே நாளில், ஒரே இசையமைப்பாளருக்கு இரண்டு படம். ரஜினிக்கு 'தளபதி', கமலுக்கு 'குணா'. இதைவிட நல்ல பரிசோதனை நமக்கு யார் செய்து தரப்போகிறார்கள்? தளபதி திருவிழா மாதிரி ஓடியது. குணா அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று ஒரு மலையாளப் படம் வந்ததே, அதில் குணா எடுத்த அதே கொடைக்கானல் குகையிலிருந்து குணாவின் 'கண்மணி அன்போடு' கிளம்பியபோது தியேட்டரே சேர்ந்து பாடியது. குணா வந்தபோது பிறக்கவே பிறக்காத பிள்ளைகள்! ஒருவன் சொல்லச் சொல்ல ஒருத்தி கடிதம் எழுதுகிறாள், நடுவில் பேச்சு, பேச்சு அப்படியே பாட்டாக மாறுகிறது. 32 வருடம் கழித்தும் அது நிற்கிறது. அதே கேசட்டில் ஜேசுதாஸின் 'பார்த்த விழி' வேறு. ராஜா ரசிகர்களே, உங்கள் கணக்கில் வலுவான சீட்டு இதுதான்.

இரண்டாவது போட்டியாளரிடம்தான் நான் கொஞ்சம் உட்காரப் போகிறேன். 'திருடா திருடா', 1993 தீபாவளி.

எங்கள் மாமா பக்கா ராஜா ரசிகர். ரஹ்மான் பெயரை எடுத்தாலே "கம்ப்யூட்டர் மியூசிக்" என்பார். அது அவர் மட்டும் சொன்னதில்லை, அன்று ஊரே சொன்னது. மெஷின் வாசிக்குது, சத்தத்தில் வார்த்தை கேட்கலை, இது எத்தனை நாளைக்கு என்று. அவர் வீட்டில் கடையில் பதிந்து வாங்கிய 90 நிமிடக் கேசட் ஒன்று இருந்தது. ஏ சைடில் 'ஜென்டில்மேன்'. அத்தை கேட்டாரே என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு பதிந்து வந்தது. பி சைடு சும்மா போகிறதே என்று கடைக்காரர் அதில் 'திருடா திருடா'வைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒரு மத்தியானம் பி சைடு ஓடுகிறது. திடீரென்று ஒரு குரல். தனியாக, கிராமத்துக் குரல், தொண்டையில் லேசாக மண் ஒட்டிய மாதிரி. பின்னால் ஒரு கும்பல் முனகுகிறது. அவ்வளவுதான். மேளம் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம், வரவில்லை. வயலின்? வரவில்லை. பாட்டே முடிந்துவிட்டது, ஒரு வாத்தியமும் வரவில்லை! மாமா எழுந்து வந்து டேப்பைத் தட்டிப் பார்த்தார். ஒரு பக்க ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்.

அதுதான் 'ராசாத்தி'. முழுக்க முழுக்க மனிதக் குரலாலேயே கட்டிய பாட்டு. எந்த ஆளை வாத்தியச் சத்தத்துக்காகத் திட்டினார்களோ, அந்த ஆள் மொத்த வாத்தியத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு பாட்டுப் போட்டிருக்கிறார். அதுவும் தீபாவளிக்கு வந்த துரத்தல் படத்தில்! இதைவிட அழகாக யாராவது பதில் சொல்ல முடியுமா? முனகலைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு குழு அடியில் தரை போடுகிறது, இன்னொரு குழு மேலே காற்று மாதிரி வந்து போகிறது. பெண்ணை ஊரை விட்டு அனுப்புகிற மாதிரி ஒரு ஏக்கம், கிட்டத்தட்ட ஒப்பாரி. ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாவம்.

பாடியவர் சாகுல் ஹமீது. 'உசிலம்பட்டி பெண்குட்டி', 'ஊர்வசி ஊர்வசி' எல்லாம் இவர் குரல் சேர்ந்த பாட்டுகள்தான். 1997இல் சாலை விபத்தில் போய்விட்டார். இப்போது ஆச்சரியத்தைக் கேளுங்கள். 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் அதே குரல் மறுபடி ஒலித்தது. செயற்கை நுண்ணறிவை வைத்து, குடும்பத்தாரின் அனுமதி வாங்கி, அவர்களுக்குப் பணமும் கொடுத்து, ரஹ்மான் அந்தக் குரலைத் திரும்ப உருவாக்கினார். யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் மியூசிக் என்று திட்டு வாங்கிய காலத்தில் வெறும் மனிதக் குரலை வைத்துப் பாட்டு. அந்த மனிதர் போன பிறகு, அதே குரலுக்காகக் கம்ப்யூட்டர்! இது சரியா தப்பா என்று எனக்குள் ஒரு பட்டிமன்றமே நடக்கிறது. திரும்பக் கேட்க ஆசையாகவும் இருக்கிறது, கேட்டால் வயிற்றைப் பிசையவும் செய்கிறது. ஆனால் 'ராசாத்தி'யில் அவர் மூச்சு வாங்குகிற இடம் ஒன்று இருக்கிறது பாருங்கள், அது அங்கே மட்டும்தான் கிடைக்கும்.

ஐயோ, நேரம் போய்விட்டது. இதே ஆல்பத்தில் அனுபமா பாடிய 'கொஞ்சம் நிலவு' இருக்கிறது, 'புத்தம் புது பூமி' இருக்கிறது. அதற்கு ஒரு தனி வீடியோ போடச் சொன்னால் போடுகிறேன், சப்ஸ்கிரைப் பண்ணியிருந்தால் மட்டும் கேளுங்கள்.

'உயிரே', 1998. பாட்டுத் தெரியாதவர் கிடையாது, படத்தை முழுசாகப் பார்த்தவரைத்தான் தேட வேண்டும். அடுத்தது.

'இருவர்', 1997 பொங்கல். இதுவும் ரஹ்மான்தான். படம் ஓடவில்லை. ஆனால் இந்த ஆல்பம் ஒரு கள்ளத்தனம் செய்கிறது. கதை நடக்கிற பழைய காலத்துச் சினிமாப் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று காட்ட வேண்டும், 1997இல் கேட்பவனுக்கும் பிடிக்க வேண்டும். 'நறுமுகையே'யை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை ராகம், உன்னிகிருஷ்ணன், பாம்பே ஜெயஸ்ரீ. வரிகளில் குறுந்தொகையின் செம்புலப் பெயல்நீர்க் கவிதையும் இருக்கிறது, புறநானூற்றில் பாரி மகளிர் அழுத அந்த நிலவும் இருக்கிறது. அப்பாவை இழந்த பிள்ளைகளின் நிலவை வைரமுத்து காதலுக்கு எடுத்துக்கொண்டார். இது நியாயமா என்று என் தமிழ் ஐயா கேட்பார், எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. அப்படியே திரும்பினால் ஆஷா போஸ்லே குரலில் 'வெண்ணிலா வெண்ணிலா', ஹரிணியின் 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' என்று சுத்தமான ஜாஸ். நடுவில் அரவிந்த்சாமி கவிதை வாசிக்கிறார். பாட்டுக் கேசட்டில் கவிதை!

இப்போது தீர்ப்பு. ஃபார்வர்டு பட்டன் ஞாபகம் இருக்கிறதா? குணாவில் நான் அழுத்தியிருக்கிறேன். என் உயிரான திருடா திருடாவில், உண்மையைச் சொல்கிறேன், 'தீ தீ' வந்தால் அழுத்திவிடுவேன். இருவரில் ஒருமுறைகூட அந்தப் பட்டனைத் தொட்டதில்லை, கவிதை வரும்போதுகூட.

ஆக என் 90களின் ஆல்பம் 'இருவர்'. மாமா இந்த வீடியோவைப் பார்க்காமல் இருக்கப் பிரார்த்தனை செய்யுங்கள். ராஜா ரசிகர்களே, 80கள் என்று கேட்டிருந்தால் பதில் வேறு, அதற்கும் நான் தயார்.

கீழே கமென்ட்டில் சண்டை போடுவதற்கு முன் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுக் கேசட்டில், யாரும் கேட்காமலேயே கடைக்காரர் பி சைடில் பதிந்து கொடுத்தது எந்தப் படம்?