பெற்றவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

(தாய்ப்பால் வாரத்தையொட்டி, கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ப்பிணிகளுக்கும் குடும்பத்தாருக்கும் பேசியது)

வணக்கமுங்க. நிறைமாதமாக உட்கார்ந்திருக்கிற அம்மிணிகளைவிட, துணைக்கு வந்திருக்கிற அம்மாக்களிடமும் அத்தைமார்களிடமும்தான் எனக்குப் பேச்சு அதிகம். பிள்ளை பெற்றவள் எதைச் சாப்பிடுவது என்று அவளா முடிவு செய்கிறாள்? அடுப்படியில் நிற்கிற நீங்கள்தானே!

நம் பக்கத்துச் செலவு ரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் ‘செலவு’ என்று கேட்டால் மல்லி, மிளகு, சீரகமெல்லாம் கட்டிக் கொடுப்பார்கள். வெளியூர்க்காரருக்கு அந்தச் சொல்லே புரியாது. பிரசவத்துக்கென்றால் சுக்கும் திப்பிலியும் சேரும். வறுத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கி, அம்மியில் அரைத்துக் கொதிக்கவிட்டால் மூன்றாவது வீட்டுக்கு வாசம் போகும். வாய்க்கு ருசி திரும்பும், சோறு இறங்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ரசஞ்சோறு மட்டுமே போட்டு ஒரு மாதம் ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பால் கொடுக்கிறவளுக்கு முதல் 6 மாதம் வழக்கத்துக்கு மேல் தினம் 600 கலோரி வேண்டும். ஒரு கிண்ணம் அரிசிம்பருப்புச் சோறு நெய்விட்டு, ஓர் எள்ளுருண்டை, ஒரு டம்ளர் பால் என்று சேர்த்தால் ஏறக்குறைய வந்துவிடும். கொள்ளு கடையுங்கள், 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். ராகிக் களி கிண்டுங்கள். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து. முட்டை, நாட்டுக்கோழிச் சாறு, முருங்கைக்கீரை எதையும் ஒதுக்க வேண்டாம். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரைக்கும் ரத்தம் போகலாம். அதை ஈடுகட்ட நர்சம்மா கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளும் போட வேண்டும். காப்பியோடு மட்டும் போடாதீர்கள், சத்து உடம்பில் சரியாக ஒட்டாது.

இனி நான் வந்த விஷயம், பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கிற பழக்கம். என் மூத்தவள் பிறந்தது சித்திரை வெயிலில். அம்முச்சி, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், என்னைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார். விடிந்ததும் கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர், மத்தியானம் பூண்டுக் குழம்பு. தண்ணீர் மட்டும் ஒரு வேளைக்கு அரை டம்ளர்தான். “வயிறு பெருத்துப்போகும், கண்ணு” என்பார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். எல்லோரும் தூங்கியபிறகு சுவரைப் பிடித்துப்பிடித்து நடந்து, குடத்தில் மொண்டு குடித்துவிட்டு அழுதேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சாத கிணற்றுத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வந்து செத்த காலத்துப் பயம் அவருக்கு இருந்திருக்கலாம்.

கருப்பை சுருங்கித் தன் இடத்துக்குத் திரும்ப ஆறு வாரம் ஆகும். வயிறு வற்றுவது அதனால். தண்ணீரைக் குறைப்பதால் இல்லை. தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தானுங்க! தாகத்தோடு படுத்திருப்பவளுக்குத் தலைவலி வரும், மலம் இறுகும். தையல் போட்ட இடத்தில் அந்த வலி எப்படியிருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

காய்ச்சலோ, ரத்தப்போக்கு நிற்காமலோ இருந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள்.

பின்கட்டில் செலவு ரசம் கொதித்துவிட்டது. நிறைமாதக்காரர்கள் முதலில் வாங்க. பக்கத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் சொம்பும் இருக்கிறது. அத்தைமார்களே, உங்கள் கையாலேயே மருமகளுக்கு ஊற்றிக் கொடுங்கள்.