முகம் தெரிந்த கடை

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சென்னிமலை என்றதும் உங்களில் பலருக்கு மலைமேல் இருக்கும் முருகனும் 1,320 படிகளும்தான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்து, கைத்தறிப் போர்வை. கொடிகாத்த குமரன் 1904-இல் பிறந்த ஊர் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த ஊர்ப்பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஓட்டலைப் பற்றி. பெயரைச் சொல்லப்போவதில்லை. "ரேடியோவுல எங்க பேரெல்லாம் வேண்டாமுங்க, இருக்கிற கூட்டத்தச் சமாளிச்சாப் போதும்" என்று வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

வீடும் கடையும் ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே. முன்னால் கல்லா, நடுவில் பெஞ்சும் மேசையும், பின்னால் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் குடும்பம் இருக்கும் வீடு. கல்லாவில் பெரியவர். அடுப்படியில் அவர் வீட்டம்மா. தோசைக்கல்லில் மகன், காபிக்கு மருமகள். பாத்திரம் கழுவவும் மேசை துடைக்கவும் ஆள் வைத்திருக்கிறார்கள். பெரியவரின் அப்பா தொடங்கிய கடை.

மூன்று தலைமுறை என்பதற்காக மட்டும் ஒரு கடையைக் கொண்டாட வேண்டியதில்லை. பழைய கடைகளில் சுத்தமில்லாதவையும் உண்டு, ருசியில்லாதவையும் உண்டு. இந்தக் கடையை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. இங்கே மாவு ஆட்டியவர், அந்த மாவில் வெந்த இட்லியை நாம் சாப்பிடுவதை நின்று பார்க்கிறார். நல்லாயில்லை என்றால் அவரிடமே சொல்லலாம். அவரும் கேட்காமல் விடுவதில்லை.

முதலில் இட்லியைச் சொல்கிறேன். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. இரண்டையும் தனித்தனியாக ஊறவைத்து, தனித்தனியாகத்தான் ஆட்டுகிறார்கள். உளுந்து ஆடும்போது அந்தம்மா பக்கத்திலேயே நின்று கையளவு கையளவாகத் தண்ணீர் தெளிக்கிறார். ஒரேயடியாக ஊற்றினால் மாவு பொங்காது. உளுந்தின் பசைதான், மாவு புளிக்கும்போது எழும் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அந்தக் காற்று தங்கினால்தான் இட்லி உப்பும். மிக்ஸி வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கிவிடும். கல் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறாது. "எங்க மாமியா ஆட்டுக்கல்லுல ஆட்டுனாங்க, நான் கிரைண்டருல ஆட்டறேன். ரெண்டும் கல்லுதானே கண்ணு" என்றார் அம்மா.

அந்தக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதற்கான கல் ஊத்துக்குளிப் பக்கத்தில் வெட்டியெடுப்பது. சென்னிமலைக்கு ஊத்துக்குளி பக்கத்து ஊர்தான். அதே ஊத்துக்குளியின் வெண்ணெயைத்தான் இந்த வீட்டில் காய்ச்சி நெய்யாக்குகிறார்கள். மாவு ஆட்டும் கல்லும் தோசையில் விடும் நெய்யும் ஒரே திசையிலிருந்து வருவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் சீமையின் செழிப்பை எங்கெங்கோ தேடுகிறோம். அது இந்த மாதிரி அடுப்படிகளில் இருக்கிறது.

இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்து மாவை ஊற்றுகிறார்கள். வெந்ததும் துணியோடு கவிழ்த்து, மேலே தண்ணீர் தெளித்து, துணியை ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கிறார்கள். எண்ணெய் தடவிய தட்டில் வெந்த இட்லிக்கு இந்த மிருது வராது. துணியைத் துவைத்துக் காயவைப்பது தனி வேலை என்பதால் பல கடைகளில் இதை விட்டுவிட்டார்கள். இங்கே விடவில்லை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. சில நாள் தட்டைப்பயறுக் குழம்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தவை. வேறு ஊர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: இடியாப்பம் போலத் தெரியும், செய்கிற முறை வேறு. இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து அப்புறம் வேகவைக்கிறோம். சந்தவைக்கு, ஊறிய அரிசியை நைசாக ஆட்டி, இட்லியாக வேகவைத்து, அந்தச் சூட்டோடு அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் இறுகிப்போகும், பிழியவே வராது. ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை. நான் போனபோது மூன்று கால் வைத்த இரும்பு அச்சின் கைப்பிடியை மகன் இரண்டு கையாலும் சுற்ற, கீழே வட்டலைப் பிடித்தபடி அம்மா அதைச் சுழற்றிச் சுழற்றி இழைகளை வாங்கிக்கொண்டிருந்தார். மருமகள் அடுத்த ஈடு இட்லியைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார். மகனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை; எப்போது நிறுத்துவது, எப்போது வட்டலை மாற்றுவது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி ஒரு வட்டல், எலுமிச்சை தாளித்து ஒரு வட்டல். இரண்டையும் சாப்பிட்டேன்.

நமக்கு அது பத்து நிமிடச் சாப்பாடு. அந்த வீட்டில் அதற்கான வேலை முந்தின நாள் அரிசி களைவதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. கல்லாவில் இருப்பவரைத்தான் ஊர் முதலாளி என்கிறது. அடுப்படியில் நிற்பவரையும் அப்படிச் சொல்லிப் பழக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

காபிக்கு இன்னும் பித்தளை பில்டர்தான். தூளில் எவ்வளவு சிக்கரி என்று கேட்டேன், ஒளிக்காமல் சொன்னார்கள். கலப்புத்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. இவர்கள் அதற்கு வெகுவாகக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார்கள். டிகாக்‌ஷனைச் சொட்டுச் சொட்டாக இறங்க விடுகிறார்கள். பால் நின்றுபோன நேரத்தில் வருகிறவர்களுக்கு வரக்காபி.

இனி, சுவையோடு சேராத ஒரு விஷயம். பழைய ஓட்டல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்டப்போவதில்லை.

தமிழ்நாட்டின் அந்தக் காலக் காபி கிளப்புகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெயர்ப்பலகையிலேயே சாதி எழுதியிருந்த காலம் அது. நம் ஈரோட்டுப் பெரியார் 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் போராட்டமே நடத்தினார். பலகையில் எதுவும் எழுதாத கடைகளிலும் தனி டம்ளர் இருந்தது. 1955-இலேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தும், நம் பக்கத்து டீக்கடைகளில் அந்த டம்ளர்கள் உடனே ஒழியவில்லை.

பெரியவரிடம் இதை நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "எங்கய்யன் காலத்துல வெளித்திண்ணைல தனியா டம்ளர் கவுத்தி வெச்சிருக்குமுங்க. குடிச்சவங்களே கழுவி வெச்சுட்டுப் போகோணும். நான் கல்லாவுல உக்காந்ததும் மொதல்ல அதைத்தான் எடுத்தேன். சில பேரு கடைக்கு வரதை நிறுத்திட்டாங்க. வராட்டிப் போகட்டும்னு இருந்துட்டனுங்க."

தந்தை செய்ததை மகன் மாற்றினார். வந்தவர்கள் குறைந்த நஷ்டத்தையும் அவரே தாங்கிக்கொண்டார். தனி டம்ளரை வைத்ததும் இந்தக் குடும்பம்தான், எடுத்ததும் இந்தக் குடும்பம்தான். நல்லதும் கெட்டதும் யார் செய்தது என்று தெரிகிற இடம் என்பதால்தான், கேட்க ஒரு முகமும் பதில் சொல்ல ஒரு வாயும் இருந்தன. இன்றைக்குக் காலைப் பலகாரத்துக்குத் தறிக்காரரும், பள்ளிக்கூட வாத்தியாரும், படியிறங்கி வருகிற பக்தர்களும், தூய்மைப் பணி முடித்து வருகிறவர்களும் அங்கே ஒரே பெஞ்சில் நெருங்கி உட்காருகிறார்கள். இடம் போதாவிட்டால் "கொஞ்சம் நகருங்க" என்பார் பெரியவர். நகருகிறார்கள். அந்தப் பெஞ்சைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

பெருந்துறையில் ஒரு கிளை திறக்கலாம், பணம் நான் போடுகிறேன் என்று ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் ஊர்; கூட்டத்துக்குக் குறைவிருக்காது. குடும்பமாக உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மருமகள்தான் வேண்டாம் என்று முடித்துவைத்திருக்கிறார். "நாங்க இங்க இருந்தா அங்க மாவு யாருங்க பார்ப்பாங்க?" என்று என்னிடமும் அதையே கேட்டார். கிளை பேச்சு அதோடு நின்றுவிட்டது. இரண்டாவது கிரைண்டர் மட்டும் ஒன்று வாங்கப்போகிறார்கள்.

நன்றி, வணக்கம்.