செம்மறியின் பெயர் கொண்ட திராட்சை

நேயர்களுக்கு வணக்கம்.

வட இத்தாலியில் வெரோனா என்றொரு நகரம். 1967-ல் அங்கே தொடங்கிய ஒயின் கண்காட்சிக்கு வினிட்டாலி என்று பெயர். இத்தாலியில் மொத்தம் 20 மாநிலங்கள். கண்காட்சியிலும் மாநிலவாரியாகத்தான் கூடங்கள். ஒரு கூடத்தைவிட்டு அடுத்ததற்குள் நுழைந்தால், மலை போய்க் கடல் வந்துவிடும்.

உணவகத்தில் ஒயின் பரிமாறும் வேலையில் நான் பல வருஷம் இருந்திருக்கிறேன். கியாந்தி, பரோலோ, ப்ரொசெக்கோ. பேர்பெற்ற இந்த மூன்று இத்தாலிய ஒயின்களின் பெயர்களைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாட்டுக்கே உரிய திராட்சை வகைகள் முந்நூறுக்கும் மேல்!

கண்காட்சியில் எப்படிச் சுவைப்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கோப்பையில் ஒரு விரற்கடை அளவுதான் ஊற்றுவார்கள். அதைச் சுழற்றி, முகர்ந்து, வாய் முழுக்க உருட்டிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். ஆமாம், துப்பத்தான் வேண்டும். நாள் முழுக்க விழுங்கிக்கொண்டிருந்தால் பத்தாவது கோப்பையிலேயே நாக்கு மரத்துப்போகும்.

சரி, மார்க்கே மாநிலத்துக் கூடத்துக்கு வருவோம். கிழக்குக் கடலோர மாநிலம் அது. ஒரு மேசையில் இருந்த புட்டியில் ‘பெக்கொரினோ’ என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த பெக்கொரினோ செம்மறிப்பாலில் செய்யும் சீஸ். ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். பெக்கொரா என்றால் செம்மறியாடு, சீஸுக்கும் திராட்சைக்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது என்றார். மலைக்கும் சமவெளிக்கும் மந்தையை ஓட்டிக்கொண்டு போகும் இடையர்களின் ஆடுகள், வழியில் இந்தப் பழத்தைத்தான் விரும்பி மேயுமாம்.

இந்தக் கொடி காய்ப்பது குறைவு. அதனால் விவசாயிகள் இதைப் பிடுங்கிவிட்டு, நிறையக் காய்க்கும் த்ரெப்பியானோ என்ற திராட்சையை நட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. 1980-களில் கிவிதோ கொச்சி கிரிஃபோனி என்ற விவசாயி இதைத் தேடிப் புறப்பட்டார். அர்க்வாத்தா தெல் த்ரொந்தோ என்ற மலையூரில், பழைய தோட்டம் ஒன்றில், கொஞ்சம் கொடிகள் மிஞ்சியிருந்தன. அதிலிருந்து குச்சி வெட்டி வந்து தன் நிலத்தில் நட்டு வளர்த்தார். இன்று மார்க்கேயிலும் பக்கத்து அப்ருத்சோவிலும் ஏக்கர் கணக்கில் நிற்கிறது. 2016 நிலநடுக்கத்தில் அந்த மலையூர் இடிந்து தரைமட்டமானது. ஊர் இடிவதற்கு முப்பது வருஷம் முன்பே அந்தக் குச்சிகள் மலையைவிட்டு இறங்கியிருந்தன. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சுவையா? வெளிர் மஞ்சள் நிறம். முகர்ந்தால் எலுமிச்சைத் தோலும் சோம்பும் கலந்த வாசனை. வாயில் வைத்ததும் எச்சில் ஊறவைக்கும் புளிப்பு, கடைசியில் துளி உப்பு. அந்த மேசையை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

நேயர்களே, ஒன்று சொல்கிறேன். இதுபோன்ற இடத்துக்குப் போனால் பெயர் தெரிந்த மேசையில் நிற்காதீர்கள். உங்கள் ஊருக்கே உரிய திராட்சை எது என்று கேளுங்கள். தெற்கு மாநிலமான பசிலிக்காத்தாவின் கூடத்தில் நான் அப்படிக் கேட்டபோது அல்யானிக்கோவை ஊற்றினார்கள். வூல்த்தூரே என்ற அணைந்த எரிமலையின் சரிவில் விளைவது, கறுஞ்சிவப்பு. நாவல்பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதே துவர்ப்பு. சிலர் முதல் வாயிலேயே முகம் சுளித்துக் கோப்பையை வைத்துவிடுவார்கள். வாழைப்பூவும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்த நமக்கு அது பழக்கமான ருசி. கொழுப்புள்ள ஆட்டுக்கறியோடு அது எப்படிச் சேரும் என்பதையே தனியாகப் பேசலாம்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். எத்னா எரிமலையைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், இன்னொரு நாள் ஆகட்டும். பந்தெல்லேரியாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிசிலியைவிடத் துனிசியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தீவு. திராட்சை என்றால் நமக்குப் பந்தல் நினைவுக்கு வரும். அங்கே வீசும் காற்றில் பந்தல் நிற்காது. தரையில் குழி பறித்து, அதற்குள் குட்டைச் செடியாக வளர்க்கிறார்கள். 2014-ல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திராட்சையின் பெயர் சிபிப்போ, உலர்திராட்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பறித்த குலைகளை வெயிலில் பரப்பிக் காயவைத்து இனிப்பு ஒயின் செய்கிறார்கள். முகர்ந்தால் பேரீச்சையும் தேனும்... நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.