சாவி மாட்டிய ஆணி

எல்லாருக்கும் வணக்கம். 32 வருஷம் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நின்று "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகு" என்று சொன்னதைத் தவிர எனக்கு வேறு பேச்சு பழக்கமில்லை. அதனால் மாலை போட்டிருக்கிற இந்தப் படத்தைப் பார்த்தே பேசிவிடுகிறேன். கடைசி வரை எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் அண்ணன். வட்டார மருத்துவ அலுவலரும் கம்பவுண்டரும் நண்பர்களா என்றால், ஆமாம், நடுராத்திரியில் பிரசவ அறை வாசலில் ஒரே ஃபிளாஸ்க் டீயைப் பங்கு போட்டுக் குடித்தவர்களை வேறு என்னவென்று சொல்வது?

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள். மேடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நல்ல கோபக்காரர். கையெழுத்து கோழிக் கிறுக்கல், அதைப் படிக்க இந்த வட்டாரத்திலேயே என் ஒருவனால்தான் முடியும். மீட்டிங் என்றால் அரை மணி லேட். அதெல்லாம் இருக்கட்டும், நான் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

2007. நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்ததே 2008 செப்டம்பரில்தான். மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண்ணைப் பால் வண்டியில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், இரண்டாவது பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்தது, அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடும். குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகினால்தான் அந்த ரத்தக்குழாய்கள் நெருங்கி அடைபடும். இறுக வைக்கிற மருந்து ஆக்ஸிடோசின். குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் 10 யூனிட் ஊசி, அப்படியும் இறுகாவிட்டால் டிரிப்பில் இன்னும் வேண்டும். சூடு தாங்காத மருந்து, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பிரசவ அறை ட்ரேயில் இருந்தது இரண்டே ஆம்பூல், அதாவது ஊசி மருந்து இருக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி. மீதியெல்லாம் மருந்து அறை ஃபிரிட்ஜில். அறை பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில், சட்டை 4 கிலோமீட்டர் தள்ளி என் வீட்டுக் கொடியில், நான் செல்போனை அணைத்துவிட்டுத் தூக்கத்தில். பூட்டை உடைத்திருக்கலாம்தான். ஆனால் அரசு மருந்து, ஸ்டாக் ரிஜிஸ்டர், ஆடிட் என்று நர்ஸம்மாவுக்குப் பயம், வாட்ச்மேனைச் சைக்கிளில் அனுப்பினார். நான் வந்து திறந்தேன், மருந்து ஏறியது, ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் போய்விட்டாள். 24 வயது.

பிரசவத்தில் தாய் இறந்தால் நம் ஊரில் விசாரணை உண்டு. குடும்பத்தாரிடம் நேரில் போய்க் கேட்பார்கள், பிறகு ஆட்சியர் முன்னிலையில் கூட்டம் நடக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் காகிதங்களுக்கு என்னென்ன நடக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்குத் தெரியும். நானும் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன், சாயங்காலமே பிரசவ அறைக்கு 10 ஆம்பூல் கொடுத்துவிட்டதாக. ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுத இடம்கூட இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மேடம் எல்லாரையும் அழைத்தார். ஓ.பி. சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு நெடுக்காக ஒரு கோடு இழுத்தார். உச்சியில் "1.50 குழந்தை" என்று எழுதினார். அதற்குக் கீழே, யாரையும் கேட்காமல், "2.05 எனக்கு போன். 2.50 வந்தேன். 45 நிமிஷம், நான்." குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது என்று அப்போது டவுனில் குடியிருந்தார். எழுதிவிட்டுப் பேனாவை மேஜை நடுவில் வைத்தார்.

"யாரு தப்புன்னு நான் கேக்கல. எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க."

ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான். முதலில் நர்ஸம்மா எழுதினார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அடுத்து நான்: "2.10 மருந்து வேணும். 2.45 சாவி வந்தது." ஜீப் டிரைவர் தன் வரியை என்னை எழுதச் சொன்னார், வழியில் டீசல் போட 10 நிமிஷம் ஆனதாம். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லாமல் இருந்திருந்தால் கடைசி வரை தெரிந்திருக்கவே போவதில்லை.

தலைமை தாங்குவதைப் பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள், மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதுதான் நினைவில் இருக்கிறது. இந்தச் சீட்டு மறக்கவில்லை. மேலே இருக்கிறவர் தன் நிமிஷங்களை முதலில் எழுதிவிட்ட பிறகு என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சீட்டைத்தான் அவர் கூட்டத்துக்கும் எடுத்துப் போனார். அவருக்கும் எனக்கும் மெமோ வந்தது, பதில் எழுதினோம். இறந்த பெண்ணின் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து மாமியார் சொன்னதையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டார். வண்டி தேடியதிலேயே ஒரு மணி நேரம் போயிருக்கிறது. அதற்கப்புறம்தான் மலையிலிருந்து வருகிற பெண்கள் நாள் நெருங்கும்போதே இங்கே வந்து தங்க இடம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தானும் ஒழுகுகிற குவார்ட்டர்ஸுக்கே மூட்டை கட்டி வந்துவிட்டார். மழைக்காலத்தில் அவர் வீட்டில் நாற்காலியைவிட வாளி அதிகம்.

2001-03 கணக்கில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1 லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள், 2018-20 கணக்கில் அது 54. மேடம் ஒருவர் குறைத்ததல்ல, அப்படிச் சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஊர் ஊராக இப்படிச் சீட்டைத் திருப்பிப் போட்டுக் கோடு இழுத்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிரசவ அறைக்குத் தனி ஃபிரிட்ஜ் கேட்டு எழுதினோம், வர எட்டு மாதம் ஆனது. ஆனால் அந்த மூன்றாம் நாளே மேடம் ஒரு சுத்தியலைக் கையில் கொடுத்து, "அண்ணே, உங்க உயரத்துக்கு வேணாம், குட்டையான நர்ஸுக்கும் எட்டுற மாதிரி அடிங்க" என்றார். பிரசவ அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மருந்து அறைச் சாவியை மாட்டினேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஆணியைப் பிடுங்காமல் சுற்றி டைல்ஸை வெட்டி விட்டிருக்கிறார்கள், சாவியும் தொங்குகிறது. இது ஏம்மா இங்கே இருக்கு என்று புதிதாக வந்திருக்கிற நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன்.

"தெரியல சார், எப்பவுமே இங்கதான் இருக்கும்" என்றாள்.